ரொட்டிக்காரர் இதழ்

“வெளிச்சம் எப்படிப்பா ஈரமா இருக்கும்?” என்று மரோத் கேட்டபோது ஒபெரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆறு வயதுப் பிள்ளை ஒரு நாளில் நூறு கேள்வி கேட்கும். கண்ணாடிக்காரன் மகளாகப் பிறந்தவள் அதில் பாதியை வெளிச்சத்தைப் பற்றித்தான் கேட்பாள்.

அன்றைக்கு ஓர்மோன் நகரமே வெளிச்சத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. மூன்று வருஷம் விட்டு விட்டுப் பெய்து விதையை மண்ணிலேயே அழுகவைத்த மழை ஓய்ந்து, முழுசாக ஒரு வெயில் எழுந்திருந்தது. பூஞ்சை பிடித்த போர்வைகளை எல்லோரும் ஜன்னலில் உலர்த்தினார்கள். பேராலயத்தின் தெற்குச் சுவரில், போன இலையுதிர் காலத்தில் மழைக்கு நடுவே ஒபெரி பொருத்தி முடித்த பெரிய வட்டச் சாளரம், ஊரார் ரோஜா என்று சொல்வது, முதல்முறையாகத் தன் நிறங்களைத் தரையில் இறக்கியது. நடுவில் மாதா. சுற்றிலும் பன்னிரண்டு இதழ்கள். ஒவ்வொன்றும் ஒரு தொழில்காரர் சங்கத்தின் காணிக்கை. கொடுத்தவர்களின் தொழிலையே அதில் வரைவது வழக்கம். நெசவாளர் இதழில் தறி. மீன்காரர் இதழில் வலை. கீழே வலது பக்கத்தில் இருந்தது ரொட்டிக்காரர் இதழ்: அடர்ந்த சிவப்பின் நடுவே ஒரு ரொட்டிக்காரர் கூடையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து நீட்டிக்கொண்டிருப்பார். யாருக்கு நீட்டுகிறார் என்பது படத்தில் இல்லை. அந்த இடம் முழுக்கச் சிவப்புதான்.

மரோத் கல்தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒவ்வொரு நிறத்திலும் கையை வைத்துப் பார்த்தாள்.

“நீலம் காஞ்சிருக்கு. பச்சை காஞ்சிருக்கு. இது மட்டும்தான் ஈரம். பாருங்கப்பா.”

அவள் நீட்டிய உள்ளங்கை பளபளத்தது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்து ஒபெரி அண்ணாந்து பார்த்தான். வளைவுகளின் கல் காய்ந்து கிடந்தது. குனிந்து, சிவப்பு விழுந்த இடத்தில் இரண்டு விரலை வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது. தண்ணீரின் ஈரம் இல்லை அது. முந்தின நாள் கறி வேகவைத்த சட்டியைக் கழுவாமல் விட்டால் அடியில் ஒட்டியிருக்குமே, அந்த வழவழப்பு. விரலை மேலங்கியில் துடைத்தான். துடைத்த பிறகும் போகவில்லை.

“உன் ஜன்னல் மூத்திரம் பெய்யுது ஒபெரி,” என்றார் பின்னால் வந்து நின்ற கொபேர். கோயில்பிள்ளை அவர், மணி அடிப்பதும் தரை கூட்டுவதும் ஊர்வம்பு அளப்பதும் அவர் வேலை. “காலையிலேருந்து ரெண்டு தடவை அந்த இடத்தைக் கழுவிட்டேன். காடி ஊத்தித் தேய்ச்சாலும் வழுக்குது.”

“ஜன்னல் ஒழுகலை அண்ணே. தரை வேர்க்குது. மூணு வருஷ மழை கல்லுக்குள்ள இருக்குமில்ல.”

“கல்லு வேர்த்தா எல்லா இடமும்ல வேர்க்கணும்? கண்ணாடியில படம் எழுத மையை எதுல கரைக்கறீங்கன்னு ஊருக்கே தெரியும்யா.”

“ஒயின்ல கரைச்சேன்.”

“இந்தப் பஞ்சத்துல ஒயினா! ஒயினை நீ குடிச்சிருப்ப. மையில ஊத்தினது அதுக்கப்புறம் வந்தது.” தன் பேச்சுக்குத் தானே சிரித்துவிட்டு, துடைப்பத்தைத் தரையில் ஓங்கித் தட்டினார். நாலைந்து ஈக்கள் எழுந்து, சுற்றிவிட்டு, மறுபடி சிவப்பில் வந்து உட்கார்ந்தன. நீலத்தில் ஒன்றுகூட உட்காரவில்லை.

அடுத்த நாளும் வெயில். அதற்கடுத்த நாளும். வெயிலுக்காக மண்டியிட்ட ஊர் இப்போது அதற்கு நன்றி சொல்லி மண்டியிட்டது. ஒபெரி மட்டும் மதிய நேரங்களில் தெற்குப் பக்கத்தில் ஒரு தூணோரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சூரியன் நகர நகர எல்லா நிறங்களும் கிழக்கே, பீடத்தின் பக்கமாக, அங்குலம் அங்குலமாக ஊர்ந்து போயின. சிவப்பும் போயிற்று. ஆனால் மற்ற நிறங்கள் போன இடத்தில் கல் கல்லாகவே இருந்தது. சிவப்பு போன இடத்தில் நத்தை போன தடம்போல ஒரு பளபளப்பு கிடந்தது. அதிலிருந்து ஒரு வாடை எழுந்தது. முதலில் ஆட்டுக்கொழுப்பு மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தது போல, பிறகு தித்திப்பாக, பிறகு தொண்டையின் அடியில் போய் ஒட்டிக்கொண்டு எச்சில் விழுங்கினாலும் இறங்காமல். அன்று மாலை மனைவி எர்சான் வைத்த பன்றிக்கொழுப்புக் கஞ்சியை அவன் வாயருகே கொண்டுபோய்விட்டுத் திரும்ப வைத்துவிட்டான்.

“அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே வியாதி,” என்றாள் எர்சான். “நீங்க சாப்பிட மாட்டேங்கறீங்க. அவ சாப்பிடற மாதிரி பாவனை பண்ணிட்டு ரொட்டியைப் பாவாடையில சுருட்டிக்கறா. யாருக்குடின்னா, குட்டிக்குங்கறா.”

“பூனைக்குட்டியா?”

“எனக்கென்ன தெரியும்? பஞ்சத்துல ஊர்ப் பூனை ஒண்ணு மிச்சமில்லாம தின்னாச்சு. எங்கேருந்து வந்துச்சோ. கொடுக்கட்டும்னு விட்டுட்டேன். கொடுக்கற கையைத் தட்டக்கூடாதில்ல?”

அவள் அப்படிப்பட்டவள். பஞ்சத்திலும் வாசலில் வந்து நின்றவரை வெறுங்கையோடு அனுப்பாதவள். ஒரு வெங்காயத்தையாவது பாதியாக நறுக்கிக் கொடுத்துவிடுவாள். ஒபெரி மகளின் படுக்கையருகே போனான். மரோத் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். வலது கையைப் போர்வைக்குள் ஒளித்தாள்.

“கையைக் காட்டு.”

துணி வெளுக்கும் பெண்களின் விரல்கள்போல அவள் விரல்நுனிகள் வெளுத்துச் சுருங்கி, நகத்தைச் சுற்றித் தோல் உரிந்திருந்தன. அந்த வாடை அங்கேயும் இருந்தது. பிள்ளையின் கையில்.

“யாரு குட்டி?”

“சொன்னா அடிப்பீங்களா?”

“அடிக்க மாட்டேன்.”

“சிவப்புக்குள்ள இருக்கு. கன்னுக்குட்டி நம்ம விரலை வாய்ல வெச்சு உறிஞ்சும்ல, அந்த மாதிரி உறிஞ்சும். வலிக்காதுப்பா. அதுக்குப் பல்லே இல்லை. ரொட்டியை ஊற வெச்சு ஊற வெச்சுத்தான் திங்குது.” கொட்டாவி விட்டாள். “ரொம்பப் பசிப்பா அதுக்கு.”

அவளை இனி கோயில் பக்கம் விடாதே என்று எர்சானிடம் சொன்னான். ஏன் என்றதற்கு, அங்கே தரை வழுக்குகிறது என்றான்.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் உளி, இடுக்கி, கண்ணாடித் துண்டுகளைப் பிணைக்கும் ஈயப்பட்டையை வெட்டும் கத்தி எல்லாவற்றையும் இடுப்பில் செருகிக்கொண்டு சாளரத்துக்கு உள்பக்கம் சாரம் கட்டி ஏறினான். ஈயம் ஒரு இடத்தில் விட்டிருக்கிறது என்று கொபேரிடம் சொல்லியிருந்தான். கிழவர் மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது பெரிய கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனார். மேலே ஏற ஏறக் காற்று சூடாயிற்று. தரையில் நிறமாக இருந்தது இங்கே கண்ணாடித் துண்டுகளாக, கருப்பு ஈயக்கோடுகளாக, தான் வெட்டிய ஒவ்வொரு விளிம்பாக, அவன் முகத்துக்கு எதிரே வந்து நின்றது. நீலத்தைத் தொட்டான், கண்ணாடி. மஞ்சளைத் தொட்டான், கண்ணாடி. சிவப்பை மேசைமேல் வைத்து வெட்டிய நாளிலேயே உள்ளே மெல்லிய வெள்ளை நரம்புகள் ஓடுவதை அவன் பார்த்ததுண்டு. கறித்துண்டில் கொழுப்பு ஓடுவதுபோல. இப்போது அந்த நரம்புகள் தடித்திருந்தன. கட்டை விரலை வைத்து அழுத்தினான்.

விரல் உள்ளே அமிழ்ந்தது. எடுத்ததும் குழி மெதுவாக மேலெழும்பி மூடிக்கொண்டது.

ஓர்மோன் கண்ணாடிக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. உலையிலிருந்து வந்த தகட்டை வெட்டுவதற்கு முன் நாக்கால் நக்கிப் பார்ப்பார்கள். நல்ல கண்ணாடிக்கு ருசி கிடையாது. மணலோடு சேர்க்கும் மரச்சாம்பல் கூடிப்போன தகடு உப்புக் கரிக்கும். அது சில வருஷத்தில் வேர்த்து வேர்த்துப் புழுத்துவிடும், தள்ளிவிட வேண்டும். சின்ன வயதிலிருந்து ஆயிரம் தகடுகளை அப்படிப் பார்த்தவன் ஒபெரி. யோசிக்காமல், கைப்பழக்கம்போல, முகத்தை முன்னே நீட்டி நாக்கை வைத்துவிட்டான்.

கறிச்சாறு.

வெதுவெதுப்பான, உப்புப் போடாத, கொஞ்சம் தித்திக்கிற கறிச்சாறு. அந்த ருசி அவனுக்குப் புதிது அல்ல. சாரத்தின் கழியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். வெறும் பித்தம்தான் வந்தது. வந்துகொண்டே இருந்தது.

போன வருஷம் தேவதூதர் மிக்கேல் திருநாளுக்கு ஆயர் வந்து சாளரத்தை மந்திரிப்பதாக ஏற்பாடு. பதினொரு இதழ் முடிந்து, ரொட்டிக்காரர் இதழுக்கு மட்டும் சிவப்பு போதவில்லை. காட்டுக்குள் கண்ணாடி உலை வைத்திருந்த ஊதார் என்பவனிடம் போனான். சாம்பல் இல்லை, மரமெல்லாம் நனைந்து அழுகிக் கிடக்கிறது, எரித்தால் புகைதான் மிஞ்சுகிறது என்று ஊதார் கையை விரித்தான். எதையாவது எரித்து எடு என்றான் ஒபெரி. எங்கிருந்து எடுத்தாய் என்று நான் கேட்க மாட்டேன். எனக்குச் சிவப்பு வேண்டும்.

திரும்பும்போது உலைக்களத்தின் சாம்பல் குழியோரம் சூட்டுக்காக ஒரு பெண் ஒண்டிக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு குழந்தை, ஒரு வயது இருக்கும். எதுவும் இல்லாமலே அதன் வாய் எதையோ உறிஞ்சுவதுபோல அசைந்துகொண்டிருந்தது. “எனக்கு வேணாங்க ஐயா,” என்றாள் அந்தப் பெண். “பிள்ளைக்கு மட்டும் ஒரு துண்டு.” அவன் பையில் அரை ரொட்டி இருந்தது. வீட்டுக்கு இரண்டு நாள் நடை. மனசுக்குள் கணக்குப் போட்டான். “அடுத்த வாரம் வண்டியோட வருவேம்மா. முழு ரொட்டியே கொண்டாந்து தர்றேன். சத்தியமா,” என்று சிலுவை அடையாளம் போட்டான்.

பொய் சொல்லவில்லை. எர்சான் சுட்ட முழு ரொட்டியோடு சொன்ன வாரத்தில் போனான். சிவப்புத் தகடுகள் வைக்கோலில் கட்டித் தயாராக இருந்தன. சாம்பல் குழியின் விளிம்பில் ஒரு சின்ன மரச்செருப்பு, ஒற்றை, குப்புறக் கிடந்தது.

“அந்தப் பொம்பளை எங்கே?”

“போயிட்டா.”

“எங்கே போனா?”

ஊதார் நிமிர்ந்து பார்க்காமல் முடிச்சை இறுக்கினான். “கேட்க மாட்டேன்னு சொன்னியே ஒபெரி.”

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. திரும்பி வரும் வழியில் வண்டியில் உட்கார்ந்தபடி அந்த ரொட்டியைத் தானே தின்றான். வீட்டுக்கு வந்து, மேசைமேல் வைத்து, தகட்டை நாக்கால் சோதித்தான். உப்பு இல்லை. வேறு ருசி. தள்ளியிருக்க வேண்டும். நாலு மாதமாகக் கறி வாசனையே தெரியாத நாக்கு அது. பட்டறையில் யாரும் இல்லை.

இன்னொரு முறை நக்கினான்.

அன்று மாலை முழுக்க நக்கினான்.

இதை அவன் எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் குருவானவரிடம் சொன்னதில்லை.

வாயைத் துடைத்துக்கொண்டு உளியை எடுத்தான். இந்த இதழைப் பெயர்த்து எடுத்துவிடுவது. துண்டு துண்டாகப் பொறுக்கி, மந்திரித்த மண்ணில் புதைத்து, ஒரு குருவானவரை அழைத்து ஜெபம் சொல்ல வைப்பது. ஓட்டைக்குச் சாக்குத் துணி. திட்டுகிறவர்கள் திட்டட்டும். ஈயப்பட்டைக்கும் சிவப்புக்கும் இடையே உளியின் நுனியை வைத்து நெம்பினான்.

கீழே மரோத் அலறினாள்.

பேராலயம் முழுக்க அந்த அலறல் சுற்றியது. குனிந்து பார்த்தான். பெரிய கதவு பூட்டியிருந்தது; கல்தச்சர்கள் போய்வரும் சின்னக் கதவை அவன் மறந்துவிட்டான். அவள் சிவப்புக்குள் மண்டியிட்டு, வலது கையை மணிக்கட்டு வரை தரையோடு அழுத்திக்கொண்டிருந்தாள். இல்லை. கை அழுத்தப்பட்டிருந்தது. உளியை எடுத்தான்; அலறல் நின்றது. உளி தவறி மறுபடி விளிம்பில் பட்டது, மறுபடி அலறினாள்.

உளியைக் கீழே போட்டுவிட்டு இறங்கினான். எப்படி இறங்கினான் என்று தெரியாது. அவளைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து இழுத்தான். ஈரச் சத்தம் ஒன்று கேட்டது, பால் குடிக்கும் கன்றை மடியிலிருந்து பிரித்தால் கேட்குமே, அது. கை வந்துவிட்டது. சுண்டு விரலைச் சுற்றி நாலு சின்னக் காயங்கள், மேலே இரண்டு, கீழே இரண்டு, அரிசியளவு.

“நீங்க அதைக் குத்தினீங்க,” என்று தேம்பினாள் மரோத். “அதான் பிடிச்சுக்கிச்சு. வேணும்னு கடிக்கலைப்பா. அதுக்குப் பல்லு முளைக்குது. அதான்.”

அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். எர்சான் காயத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பூனையா?”

“கதவைச் சாத்திக்கோ. இவளை மடியிலேயே வெச்சுக்கோ. நான் வர்ற வரைக்கும் இறக்கி விடாதே.”

“ஒபெரி, உங்க மேல என்ன நாத்தம் அடிக்குது?”

அவன் பரணில் துணி சுற்றி வைத்திருந்த ரொட்டியை எடுத்தான். அன்று காலை சுட்டது. கருப்பு ரொட்டி, முழுசு, இன்னும் நடுவில் சூடு இருந்தது. அதைத்தான் அந்த வாரம் முழுக்க மூன்று பேர் சாப்பிட வேண்டும். எர்சான் அதையும் பார்த்தாள், அவன் முகத்தையும் பார்த்தாள்.

“யாருக்குங்க?”

“தர்றேன்னு ஒருத்தருக்குச் சொல்லியிருந்தேன்.”

“அப்போ குடுத்துட்டு வாங்க,” என்றாள்.

சின்னக் கதவு வழியாக உள்ளே போய்ப் பின்னால் தாழ் போட்டான். இன்னும் ஒரு மணி நேரத்துக்கு யாரும் வரமாட்டார்கள். நிறங்கள் கிழக்கே பாதி தூரம் போயிருந்தன. பேராலயத்துக்குள் கல்லின் குளிர், நேற்றைய சாம்பிராணி, எங்கோ மேலே ஒரு புறாவின் முனகல். எல்லாவற்றுக்கும் அடியில் அந்த வாடை, இப்போது கதவருகிலேயே தொடங்கி, வாடை என்பதைவிட ஒரு சூடான மூச்சுபோல முகத்தில் வந்து வந்து மோதிக்கொண்டிருந்தது. ஈக்கள் தரையில் இல்லை. தூண்களில் ஏறி உட்கார்ந்திருந்தன. கருப்பாக. அசையாமல்.

ஓடிப்போயிருக்கலாம். ஊரைவிட்டே மகளையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் ரோஜாவுக்குக் கீழே தினமும் வேறு பிள்ளைகள் வந்து விளையாடும். அவற்றின் கைகளும் சின்னவைதான்.

சிவப்பின் விளிம்பில் மண்டியிட்டான். பரலோக மந்திரத்தை ஆரம்பித்தான்; அன்றாட ரொட்டியைக் கேட்கிற இடம் வந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. நிறுத்திவிட்டு, ரொட்டியை இரண்டு கையாலும் பிடித்து, அந்த வெளிச்சத்துக்குள் வைத்தான்.

“ஒரு வருஷம் தாமதமாயிடுச்சும்மா,” என்றான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ரொட்டியின் கருப்புத் தோல் நனைந்து மினுங்கியது. ஓரம் கஞ்சிபோல இளகி, உள்ளே போயிற்று. சப்பும் சத்தம். அவசரமான, மூச்சு முட்டுகிற, மூக்கால் உறிஞ்சிக்கொண்டே விழுங்குகிற ஒரு சின்ன வாயின் சத்தம்; பசித்த பிள்ளைக்கு ஊட்டியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சத்தம். பாதி கரைந்த மாவும் சளியும் கல்லின் மேல் வழிந்து அவன் முழங்காலை நனைத்தன. அவன் நகரவில்லை. ரொட்டி முக்கால் ஆயிற்று. அரை ஆயிற்று. கடைசித் துண்டு அவன் உள்ளங்கையில்தான் இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டது. பிறகு அவன் கையை நக்கியது. ஒவ்வொரு விரலாக, ரேகை ரேகையாக, ஒரு துகள் விடாமல். கண்ணாடிக்காரன் தகட்டை நக்கிப் பார்ப்பானே, அப்படி. ஒரு சின்ன ஏப்பம். கொஞ்ச நேரம் மெல்லிய மூச்சு. பிறகு அதுவும் இல்லை. தூங்கிவிட்டது.

அவன் கண்ணீர் விட்டான். முடிந்தது என்று நினைத்தான். கொடுத்தாயிற்று.

எழுந்திருக்கக் காலை ஊன்றினான்.

சிவப்பு போகவில்லை.

அது கொஞ்சம் அகலமாகியிருந்தது. பின்னாலிருந்து யாரோ மெதுவாக முன்னால் நகர்ந்து வந்ததுபோல. சத்தம் இல்லை. உறிஞ்சல் இல்லை, அவசரம் இல்லை. வெதுவெதுப்பான அந்த மூச்சு மட்டும், இப்போது பெரிதாக, நிதானமாக, அவன் முகத்தில் பட்டது. பட்டு, விலகி, காத்திருந்தது.

எனக்கு வேணாங்க ஐயா.

அன்றைக்கும் அந்தத் தாய் தனக்கென்று கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

கையைப் பார்த்தான். வெறும் கை. பையைப் பார்த்தான். வெறும் பை. வீட்டில் வேறு ரொட்டி இல்லை. அந்த மாலை நினைவுக்கு வந்தது. பட்டறை. மேசை. நாக்கு. பட்ட கடன் இரண்டு: அவன் தின்ற ரொட்டி ஒன்று. அவன் ருசித்தது ஒன்று.

கதவு தாழிட்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை.

சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டான். வலது கையால்தான் வரைவான், வெட்டுவான். ஒரு கணம் யோசித்தான். வலது கையையே நீட்டினான்.

மெதுவாகத்தான் தொடங்கியது. மரியாதையாக. விரல்நுனியில்.

கத்தவில்லை அவன். பிள்ளை தூங்குகிறது.

சூரியன் நகர்ந்தது. சிவப்பு நகர்ந்தது. அதோடு அவனும் முழங்காலால் நகர்ந்தான், ஒரு கல், இன்னொரு கல், பின்னால் பளபளக்கிற அகலமான தடம். கிழக்குச் சுவர் வந்தது. வெளிச்சம் சுவரில் ஏறியது. கையும் ஏறியது. அவன் எழுந்து நிற்க வேண்டியிருந்தது.

கொபேரின் சாவி பெரிய கதவில் திரும்பும் சத்தம் கேட்டபோது ஒபெரி சுவரைப் பார்த்தபடி, ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றிருந்தான். உயரே, சாளரத்தில், ரொட்டிக்காரரும் அப்படியே நின்றிருந்தார். இரண்டு கைகளுக்கும் முன்னால் சிவப்பு. முழங்கைக்கு அப்பால் என்ன மிச்சமென்று ஒபெரி இன்னும் பார்க்கவில்லை.

சுவர் விழுங்கியது. கொஞ்சம் காத்திருந்தது. மறுபடி வாயைத் திறந்தது.